புகையில் வந்த வீடுகள்

அச்சுவேலிப் பக்கத்தில் சீவரத்தினத்தாரைத் தெரியுமா என்று கேட்டால், "ஓ, குப்பையிலை கரண்ட் எடுத்த மனிசன்" என்பார்கள். பாதிப் பெருமை, பாதி நக்கல். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், தெரிந்தால்தானே சொல்வதற்கு. எனக்குத் தெரியும். அவருடைய முற்றத்தில் இருந்து குப்பை பிரித்தவள் நான். பெயர் பராசக்தி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பேய் பிசாசுக் கதைகளை நம்புகிறவளும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதைப் படித்துவிட்டு இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

சந்தைக்குப் பின்னால், பனங்கூடலுக்குள் ஒரு பழைய பவர்ஹவுஸ் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆழ்வாப்பிள்ளை என்ற முதலாளி தன்னுடைய எண்ணெய் ஆலைக்காகக் கட்டியது. நிலக்கரி கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிலில் வரும். அதை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் எஞ்சினை ஓட்டி, எஞ்சினால் டைனமோவைச் சுற்றினார்கள். பிறகு அரசாங்கத்தின் கம்பி ஊருக்குள் வந்ததும் முதலாளி எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அந்தப் புகைக்கூண்டைக் காட்டிப் பயமுறுத்தித்தான் எங்களுக்குச் சோறு தீத்தினார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. நின்றது நின்றதுதான். மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தடை. ஆஸ்பத்திரியில் குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைப்பேறு பார்த்தார்கள். மாவுக்கு உரலும் திருகையும் திரும்பி வந்தன. கூட்டுறவுச் சங்கத்துக்காரர் கூடிக் கதைத்து, பவர்ஹவுஸைத் திறப்பதென்று முடிவு செய்தார்கள். பூட்டை உடைத்தார்கள், வௌவால்களைக் கலைத்தார்கள், பொயிலரைத் துடைத்தார்கள். எரிக்க நிலக்கரிக்கு எங்கே போவது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார்கள். சங்கம் என்றால் அப்படித்தான்.

அப்போதுதான் சீவரத்தினத்தார் வந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் சூளை எரித்தவர். மனைவி காலமாகிப் பல வருஷம். சண்டையில் இடம்பெயர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். நெருப்பில் கருகிக் கருகிப் புருவமே இல்லாமற்போன முகம். உலைக்குள் தலையை விட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "குப்பையைப் போட்டு எரிப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

நிலக்கரி கனமானது, ஆறுதலாக எரியும். குப்பை குப்பென்று பற்றி அணைந்துவிடும், சாம்பலும் உலைத் தட்டின் இடுக்குகளை அடைத்துவிடும். ஆகவே பழைய தட்டின்மேல் நெருக்கமாகக் கம்பி வைத்து இன்னொரு தட்டுப் போட்டார். கீழே காற்று வரும் வாயை அகலமாக்கினார். பிறகு சீமெந்துக் கல் அரிகிற அச்சை எடுத்து, அதற்குள் சந்தைக் கழிவு, வாழைச் சருகு, தென்னந்தும்பு, கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சுகிற பனங்கொட்டை எல்லாவற்றையும் போட்டு, சாணித் தண்ணீர் தெளித்து இடித்து, கல்லுக் கல்லாக வெயிலில் காயவைத்தார். முதல் நாள் புகையிலைத் தண்டு கூடிப்போய், வெற்றிலை போடாமலே சந்தை முழுக்கத் தலை சுற்றியது. ஆனால் பிள்ளைப்பேற்று விடுதியில் பல்ப் எரிந்தது. மா அரைக்கும் மெசினும் ஓடியது. சிரித்தவர்கள் பெரிய பாத்திரங்களோடு வரிசையில் வந்து நின்றார்கள்.

நான் குப்பை பிரிக்கச் சேர்ந்தது அந்த நாட்களில்தான். கூலியாக மா தந்தார்கள்.

கொஞ்சக் காலத்தில் குப்பை தட்டுப்பாடு வந்தது. சிரிக்காதீர்கள். தடைக்குள் கிடக்கிற ஊரில் யார் எதை எறிவார்கள்? பழத்தோலை ஆடு தின்றது, வெறும் பேணி விளக்காயிற்று, பழைய கடுதாசியின் பின்பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கணக்குச் செய்தார்கள். அப்போது வண்டில்காரச் சிமியோன் ஒரு வழி சொன்னான். வடக்கே இராணுவம் பிடித்துவைத்திருந்த பகுதியின் ஓரத்தில், சனம் விட்டுவிட்டு ஓடிய வீடுகள் ஷெல் விழுந்து உடைந்து கிடந்தன. அவற்றின் மரங்களைச் சிலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்துவந்து வழியில் கும்பி கும்பியாகப் போட்டிருந்தார்கள். நல்லதை விற்பதற்கு எடுத்துக்கொண்டு, உடைந்ததை விறகுக்கு விட்டுவிடுவார்கள். அந்த மிச்சத்தை அள்ளி வருவதாகச் சிமியோன் சொன்னான்.

அடுத்த நாள் சீவரத்தினத்தார் என்னிடம் வந்து, "சாமித்தட்டுப் பலகை, தொட்டில், நிலை, உந்த மூண்டும் என்ரை உலைக்குள்ளை போகப்படாது, பிள்ளை. கண்டால் எடுத்து ஒதுக்குப்புறமாய் வை" என்றார். நாள் பார்த்து, பாலூற்றிப் பொன் வைத்து நிறுத்துகிற வாசல் நிலையை அடுப்பில் வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆக, வீடுகளைப் பிரித்து வைப்பதே என் வேலையாயிற்று.

அந்த மரங்கள் உலைக்குள் போகத் தொடங்கிய பிறகுதான் மற்றது தொடங்கியது.

கத்தரீனா என்று மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள் ஒருத்தி. ஒரு பின்னேரம் மா வரிசையில் நின்றவள் திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "மாதா சுரூபத்துக்கு முன்னாலை உருகின மெழுகுதிரி. பக்கத்து அறையிலை அம்மா காயவைச்ச சூடை மீன். உது எங்கடை வீடு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிமியோனிடம் கேட்டேன், இன்றைய மரம் எந்தப் பக்கத்தது என்று. மயிலிட்டி என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

அதன் பிறகு அவர்கள் வரத் தொடங்கினார்கள். மா அரைக்க அல்ல. கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, காற்று அடிக்கிற பக்கத்தில், புகை இறங்குகிற இடத்தில் நிற்பார்கள். பலாலி, மயிலிட்டி, தையிட்டி, கீரிமலை என்று எல்லா ஊர்ச் சனமும். கதைக்கமாட்டார்கள். முகத்தை மட்டும் மேலே தூக்கி வைத்திருப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கூட்டத்தை விட்டு விலகி நடந்து வருவார். புகைக்கூண்டின் அடிச்சுவரில் உள்ளங்கையை வைப்பார். சுடும், ஆனால் உடனே எடுக்கமாட்டார். பிறகு போய்விடுவார். அப்படிப் போனவர் திரும்ப வந்ததில்லை. வீடு வந்துவிட்டது, இனி வந்து என்ன செய்ய?

எனக்கு வந்தது மரம் எரிகிற மணம் மட்டும்தான். ஆனால் குப்பை பிரிப்பதை விட்டுவிட்டு அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைப்பேற்று விடுதியிலும் ஒரு கதை அடிபட்டது. அந்த பல்புக்குக் கீழே படுத்த தாய்மார் தாங்கள் ஒருநாளும் காணாத வீடுகளைக் கனவில் காண்கிறார்களாம், எந்த அறையில் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்கிறார்களாம். பிரசவக் களைப்பு என்று நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கத்தில், புகை போகாத இடத்தில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அவள் சீவரத்தினத்தாரின் தங்கை ஞானாம்பிகை. நான் ஞானமக்கா என்று கூப்பிடுவேன். காங்கேசன்துறையில் அவள் வீடு. புருஷன் முத்துக்குமாரு, முறிவு நெரிவுக்குப் பூசுகிற எண்ணெய் காய்ச்சுகிறவர். பிள்ளைகள் இல்லை. ஷெல் விழத் தொடங்கிய அன்று, "நீ சனத்தோடை நட, நான் வீட்டைப் பூட்டிப்போட்டு வாறன்" என்று அனுப்பிவைத்திருக்கிறார். பிறகு வரவேயில்லை.

கேள்வி ஒன்றுதான். மனிசன் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டாரா, இல்லையா? வெளிக்கிட்டிருந்தால் வழியில் பிடிபட்டுத் தெற்கே ஏதாவது சிறையில் இருக்கலாம். வள்ளமேறி இந்தியாவுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போய், இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் போட்டவர்கள் இருக்கிறார்கள். வெளிக்கிடாமல் உள்ளே இருந்துவிட்டிருந்தால், அவர்கள் வீடு இருந்த ஒழுங்கையில் இருந்துவிட்டவர்களில் ஒருவரும் உயிரோடு வரவில்லை. ஞானமக்காவின் நெற்றிக் குங்குமம் அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.

"ஏனக்கா மூக்கைப் பொத்துறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கடை வீடு வந்திடுமோ எண்டு பயமாயிருக்கு. வராத வரைக்கும் அது அங்கை நிக்குதுதானே. நிண்டால் அவர் அதைத் தேடி வருவார்" என்றாள்.

"அப்ப ஏன் இஞ்சை வாறியள்? பேசாமல் பள்ளிக்கூடத்திலை இருக்கலாமே."

"வரேல்லை எண்டு பாத்திட்டுப் போனால்தான் நித்திரை வருது."

நான் குப்பை பிரிக்கப் போய்விட்டேன்.

தொண்ணூற்றிரண்டு ஆடி. சோளகக் காற்று வீசுகிற மாதம். மத்தியானத்துக்குச் சற்று முந்திச் சிமியோனின் வண்டில் வந்தது. மேலே கிடந்த மரச் சிலாம்புகளையும் உடைந்த கூரை வளைகளையும் நான் இறக்கிக் கொடுக்க, சீவரத்தினத்தார் உலைக்குள் போட்டார். அடியில் பச்சைப் பெயின்ற் அடித்த ஒரு இரட்டைக் கதவு கிடந்தது. அதைக் கண்டதும் அவர் கையிலிருந்த, சாம்பல் அள்ளுகிற சவளைக் கீழே விட்டார். யாரையும் கூப்பிடாமல் தானே அதை முதுகில் ஏற்றிக்கொண்டு பின்கொட்டிலுக்குள் போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டார். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. பவர்ஹவுஸில் சுத்தியல் சத்தம் கேட்காத நேரம் எது? நான் என் வேலையைப் பார்த்தேன்.

கொட்டிலுக்குள் நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். கதை விளங்குவதற்காக அதை இங்கேயே சொல்கிறேன்.

அது தங்கையின் வீட்டு முன்கதவு. மாடு முட்டி வெடித்த கீழ்ப்பலகையில் இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்தவர் அவரேதான். கதவு நிலையிலிருந்து பிணைச்சலோடு பிடுங்கப்பட்டிருந்தது. ஆனால் இரண்டு கதவும் பிரியவில்லை. திருப்பிப் பார்த்தார். உட்பக்கத்தில், இரண்டு கதவையும் குறுக்கே பிடிக்கிற இரும்புச் சட்டம், நாங்கள் திறாங்கு என்று சொல்கிறது, போட்டது போட்டபடி துருவேறி இறுகிக் கிடந்தது. திறாங்கை வெளியில் நின்று போட முடியாது. மனிசன் உள்ளே நின்று போட்டிருக்கிறார். உள்ளேயே இருந்துவிட்டார்.

அவர் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாராம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையாம். பிறகு எழும்பி, துருவில் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டித் திறாங்கைக் கழற்றி விலக்கினார். அது கிடந்த இடத்தில் பச்சைப் பெயின்றில் தெரிந்த தடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பழைய எஞ்சின் எண்ணெய் பூசி மறைத்தார். வெளிப்பக்கத்து வளையங்கள் இரண்டையும் சேர்த்து, தன் வேலை ஆயுதப் பெட்டியில் இருந்த ஆமைப்பூட்டைப் போட்டுப் பூட்டி, அதன் திறப்பை எறிந்தார். இனிப் பார்க்கிற எவருக்கும், வீட்டுக்காரர் வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லியறியாத மனிசன், முதல் பொய்யை இரும்பில் செய்தார். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தார்.

வெளியே, காற்று விழுந்தது. ஆடி மாதத்துச் சோளகம் மத்தியானத்தில் அப்படி நிற்பதை நான் அதற்கு முந்திக் கண்டதில்லை. பனையோலைச் சத்தம்கூட இல்லை. மேலே போய்க்கொண்டிருந்த புகை திரும்பி முற்றத்துக்குள் இறங்கி, எந்தப் பக்கம் என்றில்லாமல் எல்லாப் பக்கமும் பரவியது. அப்போது எனக்கும் மணந்தது. நம்பாதவளான எனக்கு. நொச்சி இலை, வேம்பு, நல்லெண்ணெய், அடுப்பில் கிடந்து கொதிக்கிற மருந்து. முறிந்த கைக்குப் பூசுகிற எண்ணெய். அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரேயடியாகத் திரும்பி ஞானமக்காவைப் பார்த்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூக்கைப் பொத்தியிருந்த சேலைத் தலைப்பு அவள் கையிலிருந்து விழுந்தது. "அண்ணை" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்கொட்டிலுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

சீவரத்தினத்தார் கதவைச் சுவரோடு நிறுத்தி வைத்திருந்தார். "வந்திட்டுது பிள்ளை. அழாதை. இஞ்சை பார், பூட்டியிருக்கு. பூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். மச்சான் உயிரோடைதான் இருக்கிறார்" என்றார்.

அவள் அழவில்லை. கிட்டப் போய்ப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது ஆற்றை பூட்டு, அண்ணை?"

"மச்சான்ரைதானே. வேறை ஆற்றை?"

"நீங்கள் எங்கடை வீட்டுக்கு எப்பவும் முன்வாசலாலை வந்து முன்வாசலாலை போற ஆள். உங்களுக்குத் தெரியாது. நாங்கள் எங்கையும் வெளிக்கிடேக்கை முன்கதவைப் பூட்டிறேல்லை. உள்ளுக்கை திறாங்கைப் போட்டிட்டு, பின்பக்கத்துக் குசினிக் கதவாலை வெளியிலை வந்து, அதைத்தான் பூட்டுறது. எங்களிட்டை இருந்தது ஒரேயொரு ஆமைப்பூட்டு. அது குசினிக் கதவுக்கு."

சீவரத்தினத்தாரின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அவள் மிகவும் அமைதியாகச் சொன்னாள். "இது வேறை ஆரோ போட்ட பூட்டு. ஆரோ எங்கடை வீட்டுக்குள்ளை இருந்திருக்கினம். திறாங்கை எடுத்துப்போட்டுத் தங்கடை பூட்டைப் போட்டிருக்கினம். அவர் எல்லாம் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டிருந்தால் அவை எப்பிடி உள்ளுக்கை வாறது? அவர் உள்ளுக்கை இருக்கேக்கைதான் வந்திருக்கினம்." கையிலிருந்த பூட்டை விட்டாள். "இந்தக் கதவு திறாங்கு போட்டபடி வந்திருந்தால், அண்ணை, மனிசன் குசினியாலை வெளிக்கிட்டிட்டார் எண்டு சாகும்வரைக்கும் காத்திருந்திருப்பன்."

"போட்டுத்தான் கிடந்தது!" சீவரத்தினத்தார் கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நான்தான் கழட்டினனான். இந்தக் கையாலை. பூட்டும் என்ரை பூட்டு. திறாங்கு போட்டுத்தான் கிடந்தது, பிள்ளை!"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, அதுதான் பயங்கரம். "சின்ன வயசிலையிருந்தே உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அண்ணை" என்றாள்.

அவர் கதவைத் திருப்பித் தடத்தைக் காட்டப் பார்த்தார். தடம் எங்கே இருந்தது? தேய்த்தவர் அவர், பூசியவர் அவர். சிமியோனை இழுத்து வந்தார். அவன், "ஓம் அக்கா, ரெண்டு கதவும் ஒண்டாய்த்தான் கிடந்தது. திறாங்கு போட்டபடிதான் ஏத்தினனான்" என்று சொன்னான். நான் சுத்தியல் சத்தம் கேட்டதைச் சொன்னேன். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவளுடைய முகம் இன்னும் இன்னும் உறுதியானது. "எல்லாரும் எனக்காகத்தான் சொல்லுறியள். விளங்குது" என்றாள்.

பிறகு கதவைத் தொட்டு, "தகனம் செய்ய எங்களிட்டை வேறை ஒண்டும் இல்லை. இதை வையுங்கோ" என்றாள். சீவரத்தினத்தார் மாட்டேன் என்றார். அவள் தானே கதவைப் பிடித்து இழுத்தாள். பொம்பிளை கொள்ளி வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, கதவும் அவளால் தூக்க முடியாத கனம். அரைவாசித் தூரம் இழுத்ததும் கால் தடுமாறியது. அவர் ஓடிப்போய்ப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. உயிரோடு இருக்கக்கூடிய ஒரு மனிசனுக்கு, அவருடைய மச்சான், உலைவாயில் நின்று கொள்ளி வைத்தார். பச்சைப் பெயின்ற் கொப்பளித்தது. ஞானமக்கா அந்த வெக்கையில் நின்று சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்ததும் குங்குமம் போய்விட்டது, அவள் பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, நான் வெளியே போய்விட்டேன். வெளியே நின்ற சனம் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு வழி விட்டது.

அதன் பிறகும் பவர்ஹவுஸ் ஓடியது. சீவரத்தினத்தார்தான் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் பல்ப் எரிந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். முத்துக்குமாருவிடமிருந்து கடிதமும் வரவில்லை, செத்துப்போனார் என்ற செய்தியும் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரு அடி, பிறகு ஒரு நிற்றல், பிறகு ஒரு அடி என்று நகர்ந்தது. எனக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் ஞானமக்கா, தலையில் ஒரு மூட்டை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சீவரத்தினத்தார். அந்த மூன்று வருஷத்தில் அவர் நன்றாகக் கிழடு தட்டியிருந்தார். பாலத்தின் நடுவில் திடீரென்று நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள்.

"நான் சொல்லுறதைக் கேள், பிள்ளை. திறாங்கு போட்டுத்தான் கிடந்தது" என்றார்.

அவள் நின்று, மழையில் நனைந்திருந்த அவருடைய முகத்தைத் தன் சேலையால் துடைத்துவிட்டாள்.

"ஓம் அண்ணை, போட்டுத்தான் கிடந்தது. இப்ப நடவுங்கோ" என்றாள்.